வெந்த ஒயினும் உடையாத முத்திரையும்

என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். பிறந்தது காரைக்கால். பாதி ஆயுளைப் பிரான்சின் தெற்கே ஒரு திராட்சை ஊரில் கழித்துவிட்டேன். எங்கள் ஊர் ஒயின் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பிறகு கெட்டுப்போய்விட்டது என்று இங்கே அதை வரவழைத்தவர் புகார் செய்ததும், எங்கள் ஊர் ஒயின் விவசாயிகள் சங்கத் தலைவர் வரைபடத்தில் விரலை வைத்து, உன் ஊர்தானே, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். காரைக்காலுக்கும் ராயபுரத்துக்கும் நடுவே எத்தனை உலகம் இருக்கிறது என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஊர்ப் பக்கம் போய் நாளாயிற்று என்ற சபலம் வேறு.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயின் புட்டியை வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாது. திறந்து குடித்தால்தான் தெரியும், அதற்குள் காசு கைமாறியிருக்கும். குடித்த பிறகும் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த இருட்டில் மோசக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். கழுநீரைக்கூட நல்ல ஊர்ப் பெயரை ஒட்டி விற்றுவிடுவான். இரண்டு தடவை ஏமாந்தவன் மூன்றாம் தடவை நல்ல சரக்குக்கும் நல்ல விலை தரமாட்டான். கட்டுப்படியாகாமல், ஒழுங்காகச் செய்கிறவன் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டவுனுக்கு வேலைக்குப் போய்விடுவான். சந்தையில் கழுநீர் மட்டும் மிஞ்சும்.

அதைத் தடுக்கத்தான் முத்திரை. நான் ஒவ்வொரு விவசாயியின் தொட்டியிலிருந்தும் மாதிரி எடுத்து, யாருடையது என்பதை மறைத்து, ருசி பார்க்கும் குழுவின் முன்னால் வைப்பேன். அவர்கள் வாயில் உருட்டித் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். தேறினால் புட்டியின் கழுத்தில் எங்கள் ஊர் முத்திரை ஏறும். தேறாவிட்டால் என் சொந்த மச்சானுடையதாக இருந்தாலும் ஏறாது. அந்த முத்திரையை நான் சாமி மாதிரி நம்பியிருந்தேன். இந்தப் பயணத்துக்கு முந்திவரை என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் என்னைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர் கில்பர்ட். வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனியில் வெளியே அலைகிற வேலை. அப்பா ரயில்வேயில் இருந்தவர், அண்ணன் துறைமுகத்தில் இருக்கிறார், வீடு மாதா கோயிலுக்குப் பின் சந்தில். பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார். மூன்று பேருக்கு வியர்த்த ஹெல்மெட் அது. வண்டி ஓடும்போதே பேசிக்கொண்டு வந்தார். கோயிலில் பூசைக்கு வைக்கிற திராட்சை ரசமும் நான் பார்க்க வந்திருப்பதும் ஒன்றுதானா என்று கேட்டார். அதற்கும் சுத்தமான திராட்சையில் செய்தது, கலப்படமில்லாதது என்று மேலிடத்தில் ஒப்புதல் வேண்டும் என்றேன். அப்படியா என்று யோசித்தவர், "அத்த சாமியாரு மட்டும்தான் சார் குடிக்கிறாரு. அதான் இதுவரிக்கும் கம்ப்ளெய்ண்ட்டே வர்ல" என்றார்.

காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வாங்கிக் கொடுத்தார். மேசை பிசுபிசுவென்று இருந்தது, பாயா அமிர்தம். எங்கள் ஊரில் மேசை விரிப்பு இஸ்திரி போட்டிருக்கும், சாப்பாட்டில் உப்பிருக்காது. சாயங்காலம் காசிமேட்டுப் பக்கம் மீன் வாங்கக் கூட்டிப்போனார். நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே மீன்காரம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருந்தது. இவ்வளவு எளிதில் உள்ளே இருப்பதைக் காட்ட முடிகிற வியாபாரத்தை எண்ணி எனக்குப் பொறாமையே வந்தது. திரும்பும்போது கில்பர்ட், இப்போதெல்லாம் அந்தச் சிவப்பையும் நம்ப முடிவதில்லை, எண்ணூர்ப் பக்கத்து மீன் என்று சொன்னால் யாரும் வாங்குவதில்லை, அதனால் அங்கே ஆழக்கடலில் பிடித்ததையும் காசிமேட்டு மீன் என்று சொல்லித்தான் விற்கிறார்கள் என்றார். கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் கலந்தது எவனோ செய்த வேலை. பெயர் கெட்டது அங்கே முகத்துவாரக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவனுக்கு.

மறுநாள் யார்டு. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை மலை மாதிரி அடுக்கி வைத்திருக்கும் இடம், மணலிப் பக்கம். எங்கள் பெட்டி குளிர்ப்பெட்டி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை லாரி அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. இறக்குமதியாளரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல வாசனை, நுங்கம்பாக்கத்தில் அலுவலகம். நட்சத்திர ஹோட்டல்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்.

பெட்டிக் கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டைகளில் கறை. புட்டிகளை எடுத்துப் பார்த்தேன். தக்கைகள் மேலே தள்ளிக்கொண்டு நின்றன, விரல் ஒட்டியது. மூலைக்கு மூலை புட்டி எடுத்துத் திறந்து ருசி பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல் வெந்திருந்தன. பழ வாசனை செத்து, பாகு காய்ச்சிக் கருகவிட்ட மாதிரி ஒரு கசப்பு. இந்தத் தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்தவன் நான்தான்.  புட்டிக் கழுத்துகளில் எங்கள் முத்திரை மட்டும் மங்காமல் மின்னிக்கொண்டிருந்தது.

இங்குள்ள சோதனைச்சாலை குடிப்பதற்குக் கேடில்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தது. அது பொய்யில்லை. வெந்த ஒயின் யாரையும் கொல்லாது. பெட்டிக்குள் இருந்த கருவி, துறைமுகத்தை விட்டு வெளியே வந்த பிறகு சூடு ஏறியதைக் காட்டியது. ஏன் ஏறியது என்று அதற்குத் தெரியாது. டிரைலர் டிரைவர் தனசேகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: வழியில் ஜென்செட் ரிப்பேராகிவிட்டது. ஜென்செட் என்பது குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க டிரைலரிலேயே மாட்டியிருக்கும் டீசல் எந்திரம். ரிப்பேர் என்றால் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும். எனவே இறக்குமதியாளருக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது ஒரு பக்கம்: சரக்கு வெந்துவிட்டது, காரணம் எந்திரக் கோளாறு, கீழே என் கையெழுத்து.

தனசேகரின் டிரைலர் அங்கேயே நின்றது, நான் போய் அந்த எந்திரத்தைப் பார்த்தேன். போட்டதும் ஓடியது. எப்போது சரி செய்தீர்கள், யார் செய்தது என்று கேட்டேன்.  இறக்குமதியாளர் கைப்பேசியைப் பார்த்தார். கில்பர்ட் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"ரிப்பேர்னே எழுதிக்கோ சார். எல்லாருக்கும் நல்லது. உனக்கும் சோலி முடிஞ்சுது."

எனக்கு எரிச்சலாக வந்தது. பார்க்காததை எழுதுவதற்கா ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தேன்? பெட்டி வந்த வழியிலேயே நான் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். கில்பர்ட் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, "சரி, தனா கூடவே போ" என்றார்.

மூன்றாம் நாள் தனசேகரின் டிரைலரில் ஏறினேன். ஏறுவதற்கே கில்பர்ட் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. தனசேகர் வியாசர்பாடிக்காரர், நாற்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேலே சின்னப் புத்தர் சிலை, பக்கத்தில் நீலச் சட்டகத்தில் அம்பேத்கர். என்னிடம் அதிகம் பேசவில்லை. துறைமுகத்துக்குள் போக அவர் கழுத்தில் ஒரு பாஸ் தொங்கியது. அது போனால் இந்தப் பக்கத்தில் பெட்டி வண்டி ஓட்ட முடியாது என்று கில்பர்ட் முன்பே சொல்லியிருந்தார்.

எக்ஸ்பிரஸ் ரோடு என்று பெயர். அங்கே எக்ஸ்பிரஸ் வேகத்தில் போவது கடற்காற்று மட்டும்தான். திருவொற்றியூர் தாண்டவில்லை, வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுவிட்டன. எங்கள் ஊரில் பத்து நிமிடம் டிராக்டர் மறித்தால் பத்திரிகைக்கு எழுதுவார்கள். இங்கே டிரைவர்கள் டிரைலருக்கு அடியில் தூளி கட்டித் தூங்கினார்கள், ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம், போன தடவை இங்கே நிற்கும்போது முளைத்த கீரை இப்போது கடைசலுக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காற்று திரும்பியதும் ஏதோ ஒரு தொழிற்சாலைப் பக்கமிருந்து மூக்கைக் குத்துகிற நெடி வந்தது. என் கண்ணில் நீர் கொட்டியது. தனசேகர் ஜன்னலை ஏற்றிவிட்டு, அது தினமும் இந்த நேரத்துக்கு வரும் என்றார்.

கொஞ்சம் நகர்ந்து, ரோட்டை ஒட்டிய வீட்டு வரிசை ஒன்றின் முன்னால் மறுபடி நின்றோம். வீடுகளின் வாசலுக்கும் டிரைலருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான். தனசேகர் வெகுநேரம் ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"ரிப்பேருலாம் ஒண்ணும் இல்ல சார். நாந்தான் ஆஃப் பண்ணேன்."

எங்கள் பெட்டி வந்தபோது நடந்ததைச் சொன்னார். கத்திரி வெயில் சமயம். யார்டில் இடமில்லை என்று சொல்லி வண்டிகளை நாள் கணக்கில் ரோட்டிலேயே நிற்க வைத்துவிட்டார்களாம். இவர் வண்டி நின்றது இதே இடத்தில். ஜென்செட்டின் புகைக்குழாய் சரியாக ஒரு வீட்டு ஜன்னலுக்கு நேரே. அந்த வீட்டில் வீசிங் வரும் குழந்தை. ஏற்கெனவே நெடி, ரோட்டுத் தூசி, அதற்கு மேல் இந்தப் புகை. அதன் அம்மா வந்து கெஞ்சியிருக்கிறார். முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் நகர முடியாது.

"எறா லோடா இருந்தா ஆஃப் பண்ணிருக்க மாட்டேன் சார். கொழந்த அழுதாலும் பண்ணிருக்க மாட்டேன், பொய் சொல்லக் கூடாது. எறா நாறிப்பூடும், வேலை பூடும். லோடு பேப்பர்ல பாத்தேன், ஒயின்னு போட்டுக்கிது. சரக்கு இன்னா சார் கெட்டா பூடும்? டாஸ்மாக்ல வெயில்லதான அடுக்கி வெச்சிக்கிறான். வண்டி நவுந்தப்பறம் போட்டுக்கலாம்னு ஆஃப் பண்ட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மது கெடாது என்பது உலகம் முழுக்க எல்லோரும் நம்புகிற விஷயம். ஒயின் மட்டும் பால் மாதிரி என்று அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? பெட்டியின் மேல் குளிராக வைக்கவும் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தோம்.

ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வெளியே வந்தார். வசந்தி என்று பெயர். இடுப்பில் குழந்தை. அதன் நெஞ்சுக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. "இன்னாண்ணா, மறுபடி இங்கயே நிக்க வெச்சிட்டாங்களா?" என்று தனசேகரிடம் கேட்டவர், என்னைப் பார்த்ததும், "அன்னிக்கு இந்த அண்ணன் மட்டும் நிறுத்தலன்னா இவள ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு ஓடிருப்பேன். ரோட்ட தாண்டி ஆட்டோவும் வராது" என்றார். தனசேகர் கூச்சத்துடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஊரில் ஒரு வருடம் மலைக்காடு எரிந்தது. புகை இறங்கிக் கொடிகளின் மேல் படிந்தது. அந்தத் திராட்சையில் செய்த ஒயினைக் குழு ஒரு வாய் வைத்துவிட்டு, புகை நாறுகிறது என்று முத்திரை இல்லை என்றது. பழத்தோலில் படிந்த புகையைக் கண்டுபிடிக்க எங்களிடம் பயிற்சி பெற்ற நாக்குகள் இருக்கின்றன, கருவிகள் இருக்கின்றன, சட்டம் இருக்கிறது. இந்தக் குழந்தையின் நெஞ்சில் படிவதைக் கேட்க ஒரு நாதியில்லை. ஆஸ்பத்திரியில் தூசி அலர்ஜி என்று சொல்லி அனுப்பினார்களாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், அன்று மதியம் மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று கில்பர்ட்டிடம் எரிந்து விழுந்தேன்.

நான்காம் நாள் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து சான்றை எழுதினேன். ரிப்பேர் என்று எழுதக் கை வரவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்ததை முழுசாக எழுதினால் படிக்கிறவன் மனிதனாக இருந்தால் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். சரக்கு வெந்துவிட்டது. ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறியதால் ஓட்டுநர் எந்திரத்தை நிறுத்தினார், மது கெடாது என்ற பொதுவான நம்பிக்கையில் நிறுத்தினார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. தனசேகருக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கில்பர்ட் வந்து படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"வாணாம் சார். தனா ஆஃப் பண்ணான்ற லைன எடுத்துரு."

உண்மைதானே என்றேன். உண்மைதான், ஆனால் இது பங்குச் சாமியாரிடம் பாவமன்னிப்புக்குச் சொல்கிற இடமில்லை என்றார். நான் கேட்கவில்லை. என் முத்திரை மேல் எனக்கு அவ்வளவு திமிர். இறக்குமதியாளருக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கடற்கரைச் சாலையில் நின்று அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப்போடு. மூலக்கொத்தளம் போகும் ஷேர் ஆட்டோவில், எந்தக் கல்லறை வரிசையில் இடம் வாங்கியிருக்கிறோம் என்று இரண்டு பெரியவர்கள் வீட்டு மனை வாங்கியதுபோல் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோ நடுவழியில் கிளட்ச் கம்பி அறுந்து நின்றது. ஊர் பிடித்திருந்தது. அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் இறக்குமதியாளர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்களாம். எந்திரம் கெட்டிருந்தால் விபத்து. தெரிந்தே நிறுத்தினால் விபத்து இல்லை, வேண்டுமென்று செய்தது. அதை எழுதிக் கொடுத்திருப்பது நான். குழந்தை என்ற சொல் அவர்கள் பதிலில் எங்கேயும் வரவில்லை. வண்டி முதலாளி தனசேகரை நிறுத்திவிட்டார். பாஸையும் வாங்கிக்கொண்டார்கள்.

சரக்கை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்சூரன்ஸ் வந்திருந்தா அழிச்சிருப்பேன் சார். இப்போ வித்துத்தானே ஆகணும்? தக்கையை மட்டும் துடைச்சு உள்ளே தள்ளிட்டா போதும். உங்க முத்திரை அப்படியே இருக்கே. ஹோட்டலுக்கு வர்றவங்க அதைத்தான் பார்க்கிறாங்க."

ஊரில் எங்கள் தலைவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். முத்திரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாம் முத்திரை கொடுத்தது தொட்டியில் இருந்த ஒயினுக்கு, அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது, வேறு நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் புட்டியிலிருந்து அதைப் பிய்க்க நமக்கு வழியில்லை என்றார். நாம் செய்ததில் தவறே இல்லை, கிளம்பி வா என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. 

கிளம்புகிற நாள் காலையில் கில்பர்ட்டிடம் வியாசர்பாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு ஹெல்மெட்டை நீட்டினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. தனசேகர் லுங்கியோடு கதவைத் திறந்தார். அடிப்பார், திட்டுவார் என்று என்னென்னவோ எண்ணிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி டீ வைத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன் என்றேன்.

"தெரியும் சார். கில்பர்ட் சொன்னான். நீ நல்ல மாரிதான் எழுதிக்கிற. ஆனா நான் அல்லார்ட்டயும் ரிப்பேர்னு சொல்ட்டேன்ல? ஓனர்ட்ட சொன்னேன், யார்டுல சொன்னேன். உன்ன மட்டும் நம்பி நெசத்த சொன்னேன். இப்ப நான்தான் பொய்க்காரன்."

டீயில் ஆடை கட்டியது. நான் எடுக்கவில்லை. வேறு கம்பெனியில் சொல்லி வேலை பார்க்கலாமா என்று கேட்டேன். பெட்டி வண்டிக்காரர்களுக்குள் செய்தி பரவிவிட்டது, ஓடுகிற எந்திரத்தை நிறுத்துகிறவனுக்கு யார் குளிர்ப்பெட்டி தருவார்கள், தண்ணி லாரி ஓட்டலாம் என்று பார்க்கிறேன் என்று சொன்னார். அதைச் சொன்னபோதும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி கேட்டார்.

"அந்த சரக்கு இன்னா சார் ஆச்சு? கொட்டிட்டாங்களா?"

"இல்லை. விற்கப் போகிறார்கள்."

"கெட்டுப் போச்சுன்ன?"

"கெட்டுத்தான் போச்சு."

"துட்டு குடுத்து வாங்கிக் குடிக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. முத்திரை இருக்கிறதே, நல்லதென்றுதான் குடிப்பார்கள்."

 கில்பர்ட் வாசலில் செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தார்.

"அப்போ இன்னாத்துக்கு சார் எழுதுன?" என்றார் தனசேகர்.